லண்டன் தமிழ்ச் சங்கங்களுக்கு: நாம் வாழும் பரோ கவுன்சிலைப் பற்றி ஒரு மடல்

லண்டனில் இயங்கும் ஊர் ஒன்றியங்கள், பழைய மாணவர் சங்கங்கள், ஆலய அறங்காவலர் சபைகள், வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகள் ஆகியவற்றின் தலைவர், செயலாளர், பொருளாளர், நிர்வாக சபை உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

உங்கள் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ஒரு விடயத்தைச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்கவே இதை எழுதுகிறேன். நாம் குடியிருக்கும் பரோவின், அதாவது லண்டனின் உள்ளூராட்சிப் பிரிவின், கவுன்சில்தான் அந்த விடயம். நியூஹாம், ரெட்பிரிட்ஜ், ஹரோ, பிரென்ட், மேர்ட்டன், குரொய்டன் என்று எந்தப் பரோவில் உங்கள் அங்கத்தவர்கள் அதிகம் இருக்கிறார்களோ, அந்தக் கவுன்சில்.

ஊரில் ஒரு பாடசாலைக்குக் கூரை போட வேண்டும் என்றால் ஒரே இரவு விருந்தில் பணம் திரட்டிவிடும் ஆற்றல் உங்களுக்கு உண்டு. வெள்ளம் வந்தால் மறுநாளே நிவாரணம் புறப்படுகிறது. இந்த ஆற்றலை நான் பெரிதாக மதிக்கிறேன். அதில் ஒரு பங்கு, நம் பிள்ளைகள் படிக்கும், நம் பெற்றோர் முதுமை அடையும் இந்த இடத்தின் உள்ளூராட்சிக்குத் திரும்ப வேண்டும் என்பதே என் வேண்டுகோள். தைப்பொங்கல் விழாவுக்குச் சங்கிலி அணிந்த மேயரை அழைத்துப் பொன்னாடை போர்த்துகிறோம். அது நல்ல மரியாதை. அதே கவுன்சில் மார்ச் மாதத்தில் வரவுசெலவுத் திட்டத்தை நிறைவேற்றும்போது பார்வையாளர் இருக்கைகளில் நம்மில் யாரும் இருப்பதில்லை. அதுதான் என் கவலை.

கவுன்சில் என்றால் நம் வீடுகளில் குப்பைத் தொட்டியும், பார்க்கிங் தண்டமும், ஆண்டுதோறும் வரும் கவுன்சில் டாக்ஸ் எனும் வீட்டு வரிக் கடிதமும்தான். உண்மையில் அதன் செலவில் பெரும்பங்கு வேறு இடத்துக்குப் போகிறது. தனியாக வாழும் வயோதிபருக்கு வீட்டுக்கு வரும் பராமரிப்பாளர், மாற்றுத்திறனாளிகளுக்கான உதவி, பெற்றோரிடம் பாதுகாப்பில்லாத பிள்ளைகளைப் பொறுப்பேற்பது ஆகியவையே அந்தப் பெருஞ்செலவு. 1989 ஆம் ஆண்டின் பிள்ளைகள் சட்டமும் 2014 ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டமும் இவற்றைக் கவுன்சில் தட்டிக்கழிக்க முடியாத கடமைகளாக்கியுள்ளன. வீடிழந்தவர்களுக்கு உதவும் கடமை 1977 இலிருந்தே இருக்கிறது. வாடகை கட்டுபடியாகாமல் வெளியேற்றப்படும் குடும்பங்களைத் தற்காலிக விடுதிகளில் வைத்திருப்பதற்கு மட்டும் லண்டன் பரோக்கள் எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 40 இலட்சம் பவுண் செலவிடுவதாக 2024 இல் கணக்கிடப்பட்டது. இவற்றுக்குப் பிறகு மிஞ்சுவதில்தான் நூலகம், பூங்கா, தெருவிளக்கு எல்லாம். பள்ளிக்கூட அனுமதி, கட்டட அனுமதி, உணவகங்களின் சுகாதாரப் பரிசோதனை, மதுபான உரிமம், பிறப்பு இறப்புப் பதிவு, 2013 இலிருந்து பொதுச் சுகாதாரம் எல்லாமே இதே சபையின் கையில். பொலிசும் தீயணைப்பும் பஸ்ஸும் லண்டன் மேயரின் பொறுப்பு. அதற்கான தொகையும் நம் கவுன்சில் டாக்ஸ் கடிதத்திலேயே தனி வரியாக இருக்கிறது.

அந்தக் கடிதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கச் சொல்லி உங்கள் அங்கத்தவர்களிடம் கேளுங்கள். ஒரு வீடு ஏ முதல் எச் வரை எந்தப் பிரிவில் வருகிறது என்பது இன்றும் 1991 ஏப்ரலில் அந்த வீட்டுக்கு இருந்திருக்கக்கூடிய விலையை வைத்தே தீர்மானிக்கப்படுகிறது. தனியாக வாழ்பவருக்கு 25 வீதக் கழிவு உண்டு என்பது பலருக்குத் தெரியும். மறதி நோய் முற்றிய ஒருவர், மருத்துவர் உறுதிப்படுத்தி, உரிய உதவித்தொகை பெறத் தகுதியும் இருந்தால், கவுன்சில் டாக்ஸ் கணக்கில் ஆளாகவே சேர்க்கப்படமாட்டார் என்பது மிகச் சிலருக்கே தெரிகிறது. கணவன் மனைவி இருவர் மட்டும் வாழும் வீட்டில் ஒருவருக்கு அந்த நிலை என்றால் 25 வீதம் குறையும். தனியாக வாழ்பவர் அவரே என்றால் வரியே இல்லை. முதுமையில் ஆங்கிலம் மறந்து தமிழுக்கே திரும்பிவிட்ட தாய் தந்தையரைப் பராமரிக்கும் பிள்ளைகள் நம் ஆலயங்களுக்கு வாராவாரம் வருகிறார்கள். அவர்களுக்கு இதை யார் சொல்வது? பராமரிக்கும் பிள்ளையே தனக்கென ஒரு மதிப்பீட்டைக் கவுன்சிலிடம் கேட்டுப் பெறலாம். அது சட்டம் தந்த உரிமை. ஆலய அறிவிப்புப் பலகையில் இதற்கு ஓர் இடம் கொடுங்கள் என்று அறங்காவலர்களைக் கேட்கிறேன்.

இந்தக் கடமைகள் எல்லாம் மேலிருந்து தானாக இறங்கி வந்தவையல்ல. கிழக்கு லண்டனில் இதற்காகச் சிறை சென்றவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கதையை நம் பிள்ளைகள் அறிய வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

1900 இல் லண்டனின் பழைய திருச்சபை வட்டார நிர்வாகங்களைக் கலைத்து 28 மாநகரப் பரோக்கள் உருவாக்கப்பட்டன. அவற்றில் ஒன்று பொப்லர். கப்பல் துறைத் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த மிக வறிய பகுதி. இன்று அது டவர் ஹம்லெட்ஸின் ஒரு பாகம். முதல் உலகப் போருக்குப் பின் வேலையின்மை பெருகியபோது, வேலையற்றோருக்கான நிவாரணத்தை அந்தந்தப் பகுதியே தன் வரிப்பணத்தில் கொடுக்க வேண்டும் என்பது விதி. செல்வந்தர் வாழும் மேற்குப் பரோக்களில் வேலையற்றோர் குறைவு, சொத்து அதிகம். பொப்லரில் எல்லாம் தலைகீழ். ஏழைகளை ஏழைகளே தாங்க வேண்டியிருந்தது. இதற்கு மேலாக லண்டன் மாவட்ட சபைக்கும் பொலிசுக்கும் மற்றப் பொது அமைப்புகளுக்கும் செல்வந்தப் பரோக்களைப் போலவே பங்குப்பணம் கட்ட வேண்டும்.

1921 இல் பொப்லர் கவுன்சிலர்கள் ஒரு முடிவெடுத்தார்கள். நிவாரணம் கொடுப்போம், வெளி அமைப்புகளுக்கான பங்குப்பணத்தை மக்களிடம் வசூலிக்க மாட்டோம். லண்டன் மாவட்ட சபை வழக்குப் போட்டது. ஜூலை 29 அன்று, பொப்லர் கவுன்சில் உயர் நீதிமன்றத்துக்கு நடந்து போகிறது, ஒருவேளை சிறைக்கும் போகலாம் என்று எழுதிய பதாகையோடு ஊர்வலமாகவே நீதிமன்றம் சென்றார்கள். நீதிமன்ற ஆணையை ஏற்க மறுத்ததால் செப்டம்பரில் 30 பேர் சிறையில் அடைக்கப்பட்டார்கள். ஆண்கள் பிரிக்ஸ்டன் சிறைக்கும், ஐந்து பெண்கள் ஹொலோவே சிறைக்கும் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் நெலி கிரெசல் அப்போது கர்ப்பிணி. ஜோர்ஜ் லான்ஸ்பரி, பின்னாளில் தொழிற்கட்சிக்கே தலைவரானவர், பிரிக்ஸ்டனில் இருந்தார். சிறைக்குள்ளேயே கவுன்சில் கூட்டம் நடந்தது, பெண் கவுன்சிலர்கள் ஹொலோவேயிலிருந்து அழைத்து வரப்பட்டு அதில் அமர்ந்தார்கள். பக்கத்துப் பரோக்களான பெத்னல் கிரீனும் ஸ்டெப்னியும் தாங்களும் அதே வழியில் போவதாகத் தீர்மானித்தபோது அரசு இறங்கி வந்தது. ஆறு வாரங்களில் விடுதலை. அந்த ஆண்டே நிறைவேறிய சட்டம், வேலையற்றோர் நிவாரணச் சுமையைச் செல்வந்தப் பரோக்களும் பகிர வேண்டும் என்று ஆக்கியது.

மின்னி லான்ஸ்பரி, ஜோர்ஜின் மருமகள், சிறையிலிருந்து வந்த சில வாரங்களில் நுரையீரல் அழற்சியால் 1922 ஜனவரி 1 அன்று இறந்தார். வயது 32. போ ரோட்டில் அவர் நினைவாக ஒரு மணிக்கூடு இருக்கிறது. நம்மில் எத்தனையோ பேர் அந்தத் தெருவால் பஸ்ஸில் போய் வருகிறோம். அதே கவுன்சில்தான் சிறைக்குப் போவதற்கு முந்திய ஆண்டில், தன் ஊழியர்களுக்கு ஆணென்றும் பெண்ணென்றும் பாராமல் வாரத்துக்கு 4 பவுண் ஆகக்குறைந்த சம்பளம் என்று நிர்ணயித்தது. வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகளின் வரலாற்று வகுப்பில் ஒரு மணி நேரம் இந்தக் கதைக்கு ஒதுக்குங்கள். இது நம் பிள்ளைகள் பிறந்த மண்ணின் கதை.

1965 ஏப்ரல் 1 அன்று பழைய பரோக்கள் இணைக்கப்பட்டு, வெளிப்புறப் பகுதிகளும் சேர்ந்து இன்றுள்ள 32 பரோக்கள் பிறந்தன. ஈஸ்ட் ஹாமும் வெஸ்ட் ஹாமும் சேர்ந்து நியூஹாம் ஆனது அப்போதுதான்.

வெளிநாட்டிலிருந்து வந்த நமக்கு இந்தச் சபைகளில் என்ன வேலை என்று சிலர் கேட்பார்கள். ஆசியர்கள் அங்கே புதியவர்கள் அல்லர். மருத்துவர் சுனி லால் கட்டியால் பஞ்சாபிலிருந்து வந்தவர். 1931 இல் காந்தியும் சார்லி சாப்ளினும் சந்தித்துப் பேசியது கனிங் டவுனில் அவருடைய வீட்டில். பின்னர் அவர் ஃபின்ஸ்பரி பரோவின் கவுன்சிலராகி, சுகாதாரக் குழுவுக்குத் தலைமை தாங்கி, 1938 இல் மேயரும் ஆனார். தேசிய சுகாதார சேவை பிறப்பதற்குப் பத்து ஆண்டு முன்பே, காசநோய் மருத்துவம், பல் மருத்துவம், தாய் சேய் நலம் எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்த ஃபின்ஸ்பரி சுகாதார நிலையம் அந்தக் காலத்தில் திறக்கப்பட்டது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த வி. கே. கிருஷ்ண மேனன் 1934 முதல் 1947 வரை செயின்ட் பங்ராஸ் பரோவின் கவுன்சிலர். நூலகங்களில் அவர் காட்டிய அக்கறைக்காகவே அப்பகுதியில் நினைக்கப்படுகிறார். சுதந்திர இந்தியாவின் முதல் உயர் ஸ்தானிகராக லண்டனில் பதவியேற்கும் வரை அந்தப் பொறுப்பை அவர் விடவில்லை.

நூலகம் என்றதும் நம் நெஞ்சில் எழுவது எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 1981 இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகம் ஒரு மாநகரசபையின் நூலகம், உள்ளூராட்சி ஒன்று மக்களுக்காகக் கட்டியெழுப்பியது. ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளை நினைவுகூர்கிறோம். 2011 இல் பிரென்ட் கவுன்சில் தன் 12 நூலகங்களில் 6 ஐ மூடியது. எரிப்பது வேறு, பணமில்லை என்று மூடுவது வேறு. ஆனால் ஒரு பிள்ளைக்கு வாசிக்க இடமில்லாமல் போவதை அறிந்த சமூகம் நாம். அந்த ஆறில் கென்சல் ரைஸ் நூலகமும் ஒன்று. அதன் வாசிகசாலையை 1900 இல் திறந்துவைத்தவர் எழுத்தாளர் மார்க் ட்வெயின். அங்கும் பிரெஸ்டனிலும் குடியிருப்பாளர்கள் விடாமல் நின்று போராடி, பின்னர் தொண்டர்களாகவே நூலகத்தை மறுபடி நடத்தத் தொடங்கினார்கள். பிரெஸ்டன் நம்மவர்கள் நிறைய வாழும் வெம்பிளிக்குப் பக்கம். அந்த நூலகங்களுக்கு நம் சங்கங்கள் தொண்டர்களையும் தமிழ்ப் புத்தகங்களையும் கொடுக்கலாம்.

நம்மவர்களின் தயக்கத்துக்கு ஒரு வேர் ஊரில் இருக்கிறது, அதையும் மறைக்காமல் பேச வேண்டும். 1998 இல் யாழ் மாநகர மேயரான சரோஜினி யோகேஸ்வரன் அதே ஆண்டு மே மாதம் தன் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரை அடுத்து அந்த நாற்காலியில் அமர்ந்த பொன். சிவபாலன் செப்டம்பரில் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். உள்ளூராட்சி என்றால் உயிராபத்து என்று கண்ட தலைமுறை, சபை வாசலை மிதிக்காமல் ஒதுங்கியதில் வியப்பில்லை. அந்தத் தலைமுறையை நான் குறை சொல்லவில்லை. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அந்தப் பயத்தைச் சீதனமாகக் கொடுக்க வேண்டாம் என்றுதான் கேட்கிறேன்.

விலகி நின்றால் என்ன ஆகும் என்பதற்கு குரொய்டனைப் பாருங்கள். கவுன்சில் தானே தொடங்கிய வீடு கட்டும் கம்பனிக்குக் கிட்டத்தட்ட 200 மில்லியன் பவுண் கடன் கொடுத்தது. 2020 நவம்பரில், இனி சமநிலையான கணக்குக் காட்ட முடியாது என்று நிதி அதிகாரி சட்டப்படி அறிவித்தார். அதன் பொருள், சட்டம் கட்டாயமாக்காத புதிய செலவு எல்லாம் நிறுத்தம். 2023 இல் அரசின் சிறப்பு அனுமதியோடு கவுன்சில் டாக்ஸ் 15 வீதம் அளவுக்கு உயர்ந்தது. முடிவெடுத்த யாரையும் அறியாத குடும்பங்களும் அதைக் கட்டின. ஆனால் அதே குரொய்டனில் குடியிருப்பாளர் சங்கங்கள் கையெழுத்துத் திரட்டி 2021 அக்டோபரில் வாக்கெடுப்பைக் கொண்டுவந்து, மக்கள் நேரடியாக மேயரைத் தெரிவு செய்யும் முறைக்கு மாற்றின. உங்கள் சங்கங்களைப் போன்ற சங்கங்கள்தாம் அவை.

கிரென்பெல் கோபுரத்தையும் நான் சொல்லாமல் விட முடியாது. 2017 ஜூன் 14 இல் மேற்கு லண்டனின் அந்தக் கவுன்சில் குடியிருப்பில் மூண்ட தீ 72 உயிர்களைப் பறித்தது. தீப்பாதுகாப்புப் பற்றிக் குடியிருப்பாளர்கள் முன்பே எச்சரித்து எழுதியிருந்தார்கள். எழுதியவர்கள் சிலர். கூட நின்றவர்கள் போதவில்லை.

இனி வாக்குரிமை. இதில் நம்மிடையே தவறான எண்ணங்கள் நிறைய. பிரித்தானியக் கடவுச்சீட்டு இருந்தால்தான் வாக்களிக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். இலங்கை, இந்தியா, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் பொதுநலவாய நாடுகள். அந்நாட்டுக் குடியுரிமையோடு இங்கே முறையான விசாவில் வசிக்கும் 18 வயது நிரம்பிய ஒருவர், மாணவரானாலும் வேலைக்கு வந்தவரானாலும், வாக்காளர் இடாப்பில் பதிந்து வாக்களிக்கலாம். கவுன்சில் தேர்தலுக்கும் பாராளுமன்றத் தேர்தலுக்கும் இது பொருந்தும். ஐரோப்பாவிலிருந்து இங்கே குடிபெயர்ந்த நம்மவர்களின் நிலை வேறு. பிரான்ஸ், ஜேர்மனி, நெதர்லாந்துக் குடியுரிமை உள்ளவர்கள் 2020 முடிவதற்குள் இங்கே சட்டப்படி வசிக்கத் தொடங்கித் தொடர்ந்து அந்த உரிமையோடு இருந்தால் கவுன்சில் தேர்தலில் வாக்களிக்கலாம். டென்மார்க் போல ஒப்பந்தம் உள்ள சில நாட்டவர்களுக்கு அந்தக் கால எல்லை இல்லை. சுவிஸ், நோர்வேக் கடவுச்சீட்டு மட்டும் உள்ளவர்களுக்கு வாக்கு இல்லை. இந்த வேறுபாடுகளை ஒரு பக்கத்தில் தமிழில் அச்சடித்து, அங்கத்துவப் படிவத்தோடு சேர்த்துக் கொடுங்கள். வாக்குச்சாவடியில் படத்துடன் கூடிய அடையாள அட்டை கட்டாயம். கடவுச்சீட்டோ சாரதி அனுமதிப்பத்திரமோ இல்லாத முதியவர்கள் இலவசமாக வாக்காளர் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். இதில்தான் நம் பாட்டிமாருக்குக் கை கொடுக்க ஆள் வேண்டும்.

2022 கவுன்சில் தேர்தலில் லண்டனில் வாக்களித்தவர்கள் நூற்றுக்கு நாற்பது பேர்கூட இல்லை. அத்தனை குறைவான வாக்கில் ஒரு வட்டாரத்தின் கவுன்சிலர் சில நூறு வாக்கு வித்தியாசத்தில், சில இடங்களில் அதிலும் குறைவில், தெரிவாகிவிடுகிறார். ஒரு நடுத்தர ஊர் ஒன்றியத்தின் ஒன்றுகூடலுக்கு அதைவிட அதிகமானோர் வருகிறார்கள்.

சங்கம் பதிவுசெய்த அறக்கட்டளை, அரசியல் கூடாது என்பீர்கள். ஒரு கட்சிக்கோ வேட்பாளருக்கோ வாக்குக் கேட்பதுதான் கூடாது. வாக்காளர் பதிவுக்கு உதவுவதும், எல்லா வேட்பாளர்களையும் ஒரே மேடையில் வைத்துக் கேள்வி கேட்பதும் விதிகளுக்கு உட்பட்டவை. நம்மவர் ஒருவர் எந்தக் கட்சியில் நின்றாலும் தமிழர் என்பதற்காக மட்டும் வாக்களியுங்கள் என்று நான் கேட்கமாட்டேன். அவரும் மற்றவர்களைப் போலவே, முதியோர் பராமரிப்புக்கும் தற்காலிக விடுதிகளுக்கும் என்ன திட்டம் என்று பதில் சொல்ல வேண்டும்.

கவுன்சில் கூட்டங்களுக்குப் போவதற்கு யாருடைய அழைப்பும் தேவையில்லை. 1960 இன் ஒரு சட்டம் அந்த உரிமையைத் தந்தது. அதைத் தன் கன்னிப் பேச்சிலேயே முன்வைத்தவர் அப்போது ஃபின்ச்லியின் புதிய பாராளுமன்ற உறுப்பினராக இருந்த மார்கரெட் தட்சர். கவுன்சில்களோடு பின்னாளில் அவர் நடத்திய சண்டைகள் எல்லோரும் அறிந்தவை, ஆனால் இந்தக் கதவைத் திறந்ததற்கு நன்றி சொல்ல வேண்டும். வரவுசெலவுத் திட்டம் மார்ச் 11 க்குள் நிறைவேற வேண்டும் என்பது சட்டம். ஆகவே டிசம்பர், ஜனவரியில் வரைவு வெளிவரும்போதே படித்துக் கேள்வி அனுப்ப வேண்டும், மார்ச்சில் போய் நிற்பதில் பயனில்லை. நிதியாண்டு முடிந்தபின் ஒவ்வோர் ஆண்டும் 30 வேலை நாட்களுக்குக் கணக்குப் புத்தகங்கள் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கும். அப்போது வாக்காளர் எவரும் கணக்காய்வாளரிடம் கேள்வி கேட்கலாம், ஆட்சேபம் தெரிவிக்கலாம். நம் சங்கங்களில் கணக்காளர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஒவ்வொரு பரோவிலும் இருவர் மூவர் சேர்ந்து கவுன்சிலின் கணக்கை வாசித்து, விளங்கியதைத் தமிழில் இரண்டு பக்கமாக எழுதி மற்றச் சங்கங்களுக்கு அனுப்பினால் அதைவிடப் பெரிய பொதுப்பணி எனக்குத் தோன்றவில்லை.

வருடாந்த வாக்காளர் சரிபார்ப்புக் கடிதங்கள் ஜூலை முதல் வீடுகளுக்கு வரத் தொடங்கும், புதிய இடாப்பு டிசம்பர் 1 அன்று வெளியாகும். தேர்தல் அறிவிக்கப்பட்டால் பதிவுக்குக் கடைசி நாள் வாக்களிப்புக்கு 12 வேலை நாட்களுக்கு முன், தபால் வாக்குக்கு 11 வேலை நாட்களுக்கு முன். கோடைகால விளையாட்டுப் போட்டி நடக்கும் மைதானத்திலேயே ஒரு மேசை போடுங்கள். தேசிய காப்புறுதி இலக்கம் கையில் இருந்தால் கைத்தொலைபேசியில் இணையம் வழியாகவே ஐந்து நிமிடத்தில் பதிந்துவிடலாம். உங்கள் இளைஞர்களில் இருவரை அந்த மேசைக்கு அமர்த்துங்கள். ஆள் போதாவிட்டால் எனக்குச் சொல்லியனுப்புங்கள், வந்து அமர்கிறேன்.

அன்புடன்,
கிழக்கு லண்டனில் வாழும் ஒரு தமிழ் வாக்காளர்